நரம்புச் சிதைவு நோய் ஆய்வுக்கு வருவோருக்கு: காரைக்குடியிலிருந்து ஒரு வழிகாட்டி

கானாடுகாத்தான், பள்ளத்தூர், கண்டனூர் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில், முகப்பையும் பட்டாலையையும் கடந்து உள்ளே போனால், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வேலையாள் ஒருவரின் துணையோடு வளவில் உட்கார்ந்திருக்கும் முதியவரைக் காண முடியும். காலைப் பலகாரம் முடித்து அரை மணி நேரம் ஆவதற்குள் "இன்னும் எனக்கு இலை போடலையே" என்று கேட்பார். அதே மனிதர், அறுபது ஆண்டுகளுக்கு முன்பு தம் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர்கள் யார் யார் என்பதைப் பெயர் பிசகாமல் சொல்வார். என் அப்பத்தா கடைசி ஆறு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தார்கள். "வயசாயிருச்சு, அம்புட்டுத்தேன்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, புது நினைவு நிற்காமல் பழைய நினைவு மட்டும் எப்படி நிற்கிறது என்ற கேள்வி எனக்குள் விழுந்தது. அந்தக் கேள்விதான் என்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது. முனைவர் பட்டம் முடித்து, போஸ்ட் டாக் என்று நாம் சொல்லும் அடுத்த நிலை ஆய்வில் இருக்கும் நான், விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் முதுகலை மாணவர்கள் சிலர் தேடி வந்து வழி கேட்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்லிவந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்த ஆய்வின் தேவை பெரியது. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று நாடு முழுவதும் நடந்த ஆய்வொன்றின் மதிப்பீடு 2023-இல் வெளிவந்தது. இந்த எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு விண்ணப்பங்களின் முதல் வரியில் எழுதுவது எளிது. அது எப்படிக் கிடைத்தது, யாரிடம் எந்தக் கேள்விகளைக் கேட்டார்கள், பள்ளிக்கூடமே போகாதவரின் மறதியை எதை வைத்து அளந்தார்கள் என்று கேட்டுப் பழகியவருக்கே இந்தத் துறை பிடிபடும்.

நோயை முதலில் படியுங்கள்

புதிதாக வருவோர் பெரும்பாலும் புரதத்திலிருந்து தொடங்குகிறார்கள். நோயாளியிலிருந்து தொடங்குவதே நல்லது. 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், ஆறே பேரை வைத்து, அவர்களிலும் சிலரைத் தெருவில் பார்த்த அளவிலேயே, இன்று அவர் பெயரால் பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதத்தை விவரித்தார். இன்றைக்கும் மருத்துவர்கள் தலையசைத்து ஏற்றுக்கொள்ளும் விவரிப்பு அது. அலோயிஸ் அல்சைமர் 1901-இல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் அகஸ்டே டீட்டர் என்ற பெண்மணியைச் சந்தித்து, அவர் சொன்னதையெல்லாம் எழுதி வைத்து, அவர் இறந்த பின் மூளையைச் சாயமேற்றிப் பார்த்து, நரம்பணுக்களுக்கு வெளியே படிந்த திட்டுகளையும் உள்ளே முறுக்கிக் கிடந்த இழைகளையும் 1906-இல் அறிவித்தார். அந்தத் திட்டு அமிலாய்டு பீட்டா என்ற புரதம் என்றும், அந்த முறுக்கு டௌ என்ற புரதம் என்றும் தெரிய வர மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின. பார்வைக்குப் பட்டதைப் பிசகில்லாமல் எழுதி வைத்ததால்தான் பின்னால் வந்தவர்கள் அதன்மேல் கட்ட முடிந்தது.

அதன் பிறகு மூலக்கூறுகளுக்கு வாருங்கள். ஹன்டிங்டன் நோயின் மரபணு 1993-இல் கிடைத்தது. அதில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து 40 தடவைக்கு மேல் திரும்ப வந்தால், ஆயுள் இருக்கும் பட்சத்தில், நோய் வந்தே தீரும். ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதத்தின் மரபணுவில் மாற்றம் ஏற்பட்டால் பார்க்கின்சன் நோய் குடும்பத்தில் தொடரும் என்பது 1997-இல் தெரிந்தது. இயக்க நரம்பணு நோயிலும் நெற்றிமடல் மறதி நோயிலும் டி.டி.பி. 43 என்ற புரதம் திரள்வது 2006-இல் தெரிந்தது. நோய்க்கு நோய் புரதம் வேறானாலும், எல்லாவற்றிலும் ஒரே புதிர் மறைந்திருக்கிறது. அந்தப் புரதம் உடலின் பல இடங்களிலும் மூளையின் பல பகுதிகளிலும் இருக்கும்போது, குறிப்பிட்ட சில நரம்பணுக்கள் மட்டும் முதலில் சாவது ஏன்? அல்சைமரில் முதலில் அடிபடுவது எண்டோரைனல் புறணியும் அதை ஒட்டிய ஹிப்போகேம்பஸும்; புதிய நினைவு பதிவாவது அங்கேதான். என் அப்பத்தாவுக்குப் பலகாரம் மறந்து பந்தி மறக்காமல் இருந்ததற்கான விடையின் ஒரு பாதி அதில் இருக்கிறது. மறு பாதியைத்தான் உலகம் முழுவதும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அல்சைமர் நோயில் மறதி வெளியே தெரிவதற்கு 15 முதல் 20 ஆண்டுகளுக்கு முன்பே அமிலாய்டு படியத் தொடங்கிவிடுகிறது. உங்கள் முனைவர் பட்டக் காலத்தைப் போல மூன்று நான்கு மடங்கு நீளமான ஒரு நிகழ்வை நீங்கள் ஐந்தாண்டில் ஆராயப் போகிறீர்கள். ஆகவே அந்த நீண்ட காலத்தின் எந்தத் துண்டை நீங்கள் கையில் எடுக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லத் தெரிய வேண்டும்.

கேள்வியை எப்படிக் குறுக்குவது

"அல்சைமருக்கு மருந்து கண்டுபிடிக்க விரும்புகிறேன்" என்று நேர்காணலில் சொல்லும் மாணவரை நான் குறை சொல்ல மாட்டேன்; நானும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அது விருப்பம். கேள்வி என்பது, அதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ விடை சொல்லக்கூடிய சோதனை ஒன்றைக் கற்பனை செய்ய முடிவது.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகச் சொல்கிறேன். பார்க்கின்சன் நோயில் நடுமூளையின் கருந்திட்டுப் பகுதியில், டோபமின் என்ற செய்தி வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அழிகின்றன. அவற்றுக்குப் பக்கத்திலேயே, அதே டோபமினைச் சுரக்கும் வேறொரு கூட்டம் பெருமளவு தப்பிவிடுகிறது. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? கருந்திட்டு நரம்பணு ஒன்றின் கிளைகள் மிகப் பரந்தவை. அவற்றைத் தாங்க மைட்டோகாண்டிரியா ஓயாமல் உழைக்க வேண்டும். அதோடு, அந்த நரம்பணுக்கள் தாமாகவே தாளம் போட்டுத் துடிக்கும்போது கால்சியம் உள்ளே நுழைந்தபடி இருக்கிறது. இந்தக் கால்சிய வழியை அடைத்தால் நரம்பணு பிழைக்குமா என்ற கேள்வி எலியில் நம்பிக்கையான விடை தந்தது. அதற்கென்றே ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்குப் பயன்பட்ட இஸ்ரடிபின் மாத்திரை இருந்தது. தொடக்க நிலைப் பார்க்கின்சன் நோயாளிகளிடம் மூன்றாண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2020-இல் வெளியான முடிவில் நோய் மெதுவாகவில்லை. மருந்தின் அளவு போதவில்லையா, நோயாளிகள் வருவதற்குள் காலம் கடந்துவிட்டதா, எலியில் கண்டது மனிதருக்குப் பொருந்தாததா என்று மூன்று புதிய கேள்விகள் அதிலிருந்து பிறந்தன. இந்த ஒரு கதையின் எல்லாக் கட்டுரைகளையும் வரிசையாக ஒரு மாதம் உட்கார்ந்து படித்தால், துறை எப்படி நகர்கிறது என்பது பாடப்புத்தகம் தராத அளவுக்கு விளங்கும். நீங்கள் எந்த நோயை எடுத்தாலும் இப்படி ஒரு கருதுகோளைப் பிறந்த இடத்திலிருந்து மருத்துவமனை வரை பின்தொடர்ந்து படியுங்கள். அதிலிருந்து உங்கள் கேள்வி வரும்.

ஊரில் இருந்தபடியே தொடங்கலாம்

பெங்களூருக்குப் போனால்தான் மூளையைப் படிக்க முடியும் என்று நம் பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர்ப் புழுவை வைத்துப் பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. அந்தப் புழுவுக்கு மொத்தமே 302 நரம்பணுக்கள். அவற்றில் டோபமின் சுரப்பவை எட்டு. உடல் கண்ணாடி போன்றது என்பதால், அந்த எட்டும் பச்சையாக ஒளிரும்படி மரபணு மாற்றம் செய்த புழுவில், ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் எண்ணிப் பார்க்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் முதுமையடைந்து இறந்துவிடுவதால், முதுமையைக் கேள்வியாகக் கொண்டவருக்கு இதைவிட விரைவான பள்ளி கிடையாது.

காரைக்குடியிலேயே, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், சிக்ரி, இருக்கிறது. 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-இல் திறக்கப்பட்டது. பேட்டரிக்கும் துருப்பிடித்தலுக்கும் பேர்போன இடம் என்பதால் நரம்பியலோடு யாரும் அதைச் சேர்த்து நினைப்பதில்லை. ஆனால் டோபமின் என்பது மின்முனையில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் மூலக்கூறு. முடியைவிட மெல்லிய கார்பன் இழையை மூளைக்குள் செலுத்தி, டோபமின் சுரக்கும் கணத்திலேயே அளக்கிறார்கள். மூளையில் அதைவிடப் பன்மடங்கு கூடுதலாக இருக்கும் அஸ்கார்பிக் அமிலம் கிட்டத்தட்ட அதே மின்னழுத்தத்தில் குறுக்கிடுவது அந்த அளவீட்டின் தீராத தலைவலி. மின்முனையின் மேற்பரப்பை மாற்றி இந்த இரண்டையும் பிரித்தறிவது முழுக்க முழுக்க மின்வேதியியல் சிக்கல். வேதியியலோ இயற்பியலோ படித்த காரைக்குடி மாணவர் ஒருவர் நரம்பியலுக்குள் நுழைய இதைவிட நேரான வாசல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆய்வகமே கிடைக்காதவருக்கும் வழி உண்டு. அல்சைமர் நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எடுத்த மூளைப் படங்களும் இரத்த அளவுகளும் கொண்ட ஆட்னி என்ற தொகுப்பு 2004-இல் தொடங்கியது. பார்க்கின்சனுக்கு அதுபோன்ற பி.பி.எம்.ஐ. 2010-இல் வந்தது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதி, விதிகளை ஏற்றுக் கையொப்பமிட்டால் ஆய்வாளர்களுக்கும் மாணவர்களுக்கும் தருகிறார்கள். பைதான் அல்லது ஆர் மொழி தெரிந்து, சுமாரான மடிக்கணினி இருந்தால், தேவகோட்டையில் உட்கார்ந்து உண்மையான கேள்வி ஒன்றைத் துருவலாம். மேலே சொன்ன தேவைகளுள் நிரலாக்கத்தை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். புழுவோ எலியோ மனிதரோ, எதை எடுத்தாலும் கடைசியில் எண்களின் முன் உட்கார வேண்டும்.

தேர்வுகளும் நிறுவனங்களும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் விவரம் அந்தந்த அறிவிப்பில் இருக்கும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியல் தாள், உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) தேர்வு, கேட், ஜெகீபில்ஸ் ஆகியவற்றில் ஒன்றிரண்டையாவது முதுகலை இரண்டாம் ஆண்டிலேயே எழுதிவிடுங்கள். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் 42,000 ரூபாயும் வரும். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய பிள்ளைக்கு இந்தத் தொகையே படிப்பைத் தொடரலாமா என்பதை முடிவு செய்யும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

இடங்களைப் பொறுத்தவரை, பெங்களூரு நிம்ஹான்ஸில் நோயாளியும் ஆய்வகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இறந்தவர்களின் குடும்பத்தார் மனமுவந்து கொடுத்த மூளைகளைப் பாதுகாக்கும் வங்கியும் 1995 முதல் அங்கே இருக்கிறது. இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆய்வு மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுரம் வட்டாரக் கிராம மக்கள் 10,000 பேரை நீண்டகாலம் பின்தொடரும் நோக்கோடு ஓர் ஆய்வை நடத்துகிறது. கிராமத்து முதுமையைப் படிக்க விரும்பும் நம் பக்கத்து மாணவர் அதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். ஹரியானா மானேசரில் தேசிய மூளை ஆய்வு மையம், சென்னை ஐ.ஐ.டி.யில் மனித மூளையைச் செல் அளவில் படமெடுக்கும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், ஐதராபாத்தில் சி.சி.எம்.பி., திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகியவையும் உண்டு. அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து கொடுக்கும் கோடைக்கால ஆய்வுக்கொடை இரண்டு மாதம் இவற்றுள் ஓரிடத்தில் இருந்து பார்க்க உதவும். சேரும் முன் ஓர் ஆய்வகத்தின் உள்ளே இருந்து பார்த்தவர் பின்னால் ஏமாறுவது குறைவு.

வழிகாட்டி ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். அவரிடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எத்தனை ஆண்டில் முடித்தார்கள், எதிர்பார்த்த விடை வராத சோதனையை அவர் என்ன செய்தார் என்று அங்கிருக்கும் மூத்த மாணவர்களைத் தனியே சந்தித்துக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு அவர்கள் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே விடையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணுவதும் எழுதி வைப்பதும்

இந்தப் பகுதியைத்தான் நான் மிகுந்த அக்கறையோடு எழுதுகிறேன், ஏனென்றால் இதில் நான் தவறியிருக்கிறேன். முதலாண்டில் ஒரு தட்டுக்கு 30 புழு என மூன்று தட்டில் வைத்து, மருந்து கொடுத்த பக்கமும் கொடுக்காத பக்கமும் ஒப்பிட்டு, பக்கத்துக்கு 90 புழு என்று கணக்கிட்டு, மிக வலுவான வேறுபாடு கிடைத்ததாகக் கூட்டத்தில் காட்டினேன். ஒரே தட்டில் வளர்ந்த புழுக்கள் ஒரே ஈரத்தையும் ஒரே பாக்டீரியாவையும் பகிர்ந்துகொண்டவை. ஒரு தட்டு சற்றே காய்ந்திருந்தால் அதிலுள்ள முப்பதும் சேர்ந்தே நலியும். என்னிடம் இருந்தவை 90 சான்றுகள் அல்ல, மூன்றே. வேறு வேறு நாளில் வளர்த்த புழுக்களோடு மறுபடியும் செய்தபோது வேறுபாடு கரைந்துபோனது. எலியானால் ஒரே ஈற்றுக் குட்டிகளும், செல் வளர்ப்பானால் ஒரே நாளில் பிரித்த கிண்ணங்களும் இதே பிழைக்கு இடம் கொடுக்கும். சோதனையைத் தொடங்கும் முன்னரே உங்கள் சான்றின் அலகு எது என்று நோட்டில் எழுதிவிடுங்கள்.

எண்ணுகிறவருக்கு எது மருந்துத் தட்டு என்று தெரியக் கூடாது. தட்டின் அடியில் வேறொருவரைக் கொண்டு எண் எழுதச் செய்து, முடிவெல்லாம் பதிந்த பின்னரே திறவுகோலைப் பாருங்கள். பிழைக்கட்டும் என்று மனம் விரும்பும் புழு, அசைவதாகவே கண்ணுக்குத் தெரியும்.

நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நகரத்தார் கணக்கு எழுதிய முறையைப் பழைய வீட்டுப் பெட்டகங்களில் பார்த்திருப்பீர்கள். அன்றன்றைய வரவு செலவு குறிப்பில் ஏறும். அங்கிருந்து பேரேட்டுக்குப் போகும். கடைசியில் ஐந்தொகை எடுத்தால் எல்லாம் நேர்படும். இரங்கூன் கடையில் எழுதிய கணக்கைக் காரைக்குடியில் இருந்த முதலாளி வரிவரியாகத் தொடர முடிந்தது. ஆய்வகக் குறிப்பேடும் அப்படித்தான் இருக்க வேண்டும். அன்று செய்தது அன்றே, மை பேனாவில், தோற்ற சோதனை உட்பட. எழுதியதைத் தவறென்று கண்டால் ஒரு கோடு மட்டும் போட்டுப் பக்கத்தில் தேதியோடு திருத்தம். மின்சாரம் போய் வளர்ப்புப் பெட்டியின் வெப்பம் 20 டிகிரியிலிருந்து ஏறியிருந்தால் அதையும் எழுதுங்கள். புழுவின் ஆயுள் வெப்பத்தோடு மாறும்.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்பவருக்குத் துறையின் வரலாற்றிலிருந்தே ஒன்றைச் சொல்வேன். எலிகளின் மறதிக்குக் காரணம் என்று ஒரு குறிப்பிட்ட அமிலாய்டுத் திரளைச் சுட்டி 2006-இல் நேச்சர் இதழில் வெளியாகி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளில் மேற்கோளாகக் காட்டப்பட்ட ஒரு கட்டுரை, அதன் படங்கள் திருத்தப்பட்டவை என்று தெரிந்து 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. அமிலாய்டு பற்றிய கருத்து முழுவதும் அதோடு விழுந்துவிடவில்லை. அதற்கு மரபணுச் சான்றுகள் தனியே உள்ளன. ஆனாலும் அந்தப் படத்தை நம்பித் தம் ஆய்வை அமைத்த மாணவர்களின் ஆண்டுகள் திரும்பி வரப் போவதில்லை. ஒரு கண்டுபிடிப்பின் மேல் உங்கள் முனைவர் பட்டத்தைக் கட்டும் முன், அதைத் தொடர்பில்லாத வேறோர் ஆய்வகம் மறுபடி கண்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

மூலிகை ஆய்வு பற்றி

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு வரும் மாணவர்களில் பலருக்கு முதலில் கிடைக்கும் தலைப்பு ஏதாவதொரு மூலிகைச் சாறு. இதில் நமக்குப் பெருமைப்படத்தக்க முன்னோடி உண்டு. பூனைக்காலி விதையில், மூளையில் டோபமினாக மாறும் எல்-டோபா இருப்பதை 1937-இலேயே தாமோதரனும் ராமசாமியும் பிரித்துக் காட்டினார்கள். டோபமின் மூளையில் தனிப் பணியாற்றுவதை அர்விட் கார்ல்சன் கண்டதும், பார்க்கின்சன் நோயாளிக்கு எல்-டோபா மருந்தானதும் அதற்குப் பின்னர்தான்.

ஆனால் பூனைக்காலியின் கதையில் மூலக்கூறு தெரியும், அளவு தெரியும், மூளையில் அது எங்கே போய் என்னவாக மாறுகிறது என்பது தெரியும். புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த நரம்புச் செல்களில் நச்சைக் கொட்டி, கூடவே இலைச்சாற்றையும் ஊற்றி, செல் பிழைத்தது என்று எழுதும் கட்டுரையில் இந்த மூன்றும் இருப்பதில்லை. எந்தச் சாற்றிலும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் சிறிதளவாவது இருக்கும். ஒரு மணி நேரத்தில் கொல்லும் நச்சை அது தாமதப்படுத்தக்கூடும். இருபதாண்டில் நகரும் நோயைப் பற்றி அது எதையும் சொல்லாது. மூலிகைத் தலைப்பைத் தவிர்க்க வேண்டியதில்லை. மூலக்கூறைப் பிரித்தெடுக்க, இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டுகிறதா என்று பார்க்க, நச்சு இல்லாத மரபணு மாதிரியிலும் சோதிக்க ஆசிரியர் சம்மதிப்பாரா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

மனிதர்களிடம் போகும்போது

நம் ஊரில் மனித ஆய்வு செய்ய நினைப்பவருக்கு இரண்டு விஷயங்கள் கைகொடுக்கும், இரண்டிலுமே கவனம் வேண்டும்.

முதலாவது குடும்ப வரலாறு. நகரத்தாரின் ஒன்பது கோயில்களிலும் கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளியாகக் கணக்கில் ஏறுவதால், ஐந்தாறு தலைமுறை உறவை வாயாலேயே சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் நகரத்தாரிடம் மட்டுமல்லாமல் தென்னாட்டில் பல சமூகங்களிடமும் உண்டு. 1998-இல் அறியப்பட்ட பார்க்கின் மரபணுவைப் போல, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான படி வந்தால் மட்டும் இளவயதிலேயே நடுக்குவாதம் தரும் மரபணுக்களை ஆராய இத்தகைய குடும்பங்கள் உதவும். ஆனால் ஒரு குடும்பத்தில் "மூளை வியாதி" என்று பெயர் விழுந்தால் பெண் கேட்டு வருபவர் நின்றுவிடுவார். ஆகவே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு வம்சாவளிப் படம்கூட வரையக் கூடாது. வரைந்ததில் ஊர்ப்பெயரோ கோயிற்பெயரோ வெளியே தெரியக் கூடாது. மறதி முற்றியவரிடம் ஒப்புதல் வாங்கும்போது அவர் சார்பில் கையொப்பமிட உரியவர் யார் என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ஆம் ஆண்டு நெறிமுறை சொல்கிறது; அதை முழுமையாகப் படித்துவிட்டுத்தான் திண்ணையில் உட்கார வேண்டும். உரியவர் கையொப்பமிட்ட பிறகும், அந்த முதியவர் முகம் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு எழுந்து வந்துவிட வேண்டும்.

இரண்டாவது, அளவுகோல். மேல்நாட்டில் செய்த மறதிச் சோதனையில் இன்றைய தேதி கேட்பார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் போகாத ஆச்சி ஒருவருக்கு ஆகஸ்ட் மூன்று என்று சொல்ல வராது. ஆடிப் பதினெட்டு என்பது பிசகாமல் வரும். எழுதத் தெரியாதவர் நூற்றுக்கு மாதம் ஒன்றரை வட்டி என்றால் எட்டு மாதத்துக்கு எவ்வளவு என்பதை விரல்கூட மடக்காமல் சொல்வார். இந்தக் கண்ணோட்டத்தில்தான் ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத முதியோருக்கென இந்தியில் ஒரு மனநிலைச் சோதனையை உருவாக்கி 1995-இல் வெளியிட்டார்கள். மொழிபெயர்த்த படிவம் ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லும் முன், நல்ல நிலையில் இருக்கும் இருபது முதியவர்களிடமாவது அதைக் கேட்டுப் பாருங்கள். அவர்களே தவறும் கேள்வி மறதியை அளக்கவில்லை, பள்ளிப் படிப்பை அளக்கிறது.

பட்டத்துக்குப் பின்

ஐந்தாண்டு முடிந்து கையில் பட்டம் இருக்கும்போது வயது முப்பதைத் தொட்டிருக்கும், கூடப் படித்தவர்கள் வீடு கட்டியிருப்பார்கள், வீட்டில் "இன்னுமா படிக்கிற?" என்பார்கள். இந்த இடைவெளியில்தான் நல்ல ஆய்வாளர்கள், குறிப்பாகப் பெண்கள், துறையை விட்டுப் போகிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே அடுத்த இடத்துக்கு எழுதத் தொடங்குங்கள். உள்நாட்டில் தேசிய முனைவர் மேலாய்வு உதவித்தொகைக்குப் பொதுவான வயது வரம்பு 35. வெல்கம் அறக்கட்டளையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து நடத்தும் இந்தியா அலையன்ஸ், தொடக்கநிலை ஆய்வாளருக்குத் தனிக் கொடை தருகிறது. வெளிநாடு போய்விட்டுத் திரும்புவோருக்கு ராமலிங்கசுவாமி கொடை இருக்கிறது. போஸ்ட் டாக் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்களிடம் இல்லாத ஒரு திறமையை அது தருமா என்பதைப் பாருங்கள். புழுவில் பயின்றவர் நோயாளியின் தோலிலிருந்து வளர்க்கும் ஸ்டெம் செல் நரம்பணுவுக்கும், செல்லில் பயின்றவர் மூளைப் படங்களுக்கும் போனால், பத்தாண்டு கழித்துத் தனி ஆய்வகம் கேட்கும்போது சொல்வதற்குச் சொந்தமான கேள்வி ஒன்று இருக்கும்.

ஊருக்கு வரும்போது

பல்லவன் ரயிலில் வந்து இறங்கித் தெருவுக்குள் நுழைந்ததும் யாராவது கேட்பார்கள், "மறதிக்கு மருந்து வந்திருச்சாமே தம்பி?" இதற்கு விடை சொல்வதும் நம் தொழிலில் சேர்ந்ததுதான். 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லெகானெமாப் மருந்து, 1,795 பேரிடம் 18 மாதம் நடந்த சோதனையில், நோய் தீவிரமாகும் வேகத்தை 27 விழுக்காடு குறைத்தது. போன நினைவைத் திருப்பித் தரவில்லை. தொடக்க நிலையில் உள்ளவருக்கே ஏற்றது. சிலருக்கு மூளையில் வீக்கமும் கசிவும் உண்டாக்குகிறது. இந்த நான்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் கடன் வாங்கியாவது போடுவார்கள். பின்னவற்றை மட்டும் சொன்னால் மருத்துவரிடம் போவதையே நிறுத்திவிடுவார்கள்.

நீங்கள் மருத்துவர் அல்லர் என்பதைச் சொல்லிவிட்டு, ஒரு துண்டுக் காகிதத்தில் இவற்றை எழுதிக் கொடுங்கள்: இரத்தத்தில் பி12, தைராய்டு, காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, மனச்சோர்வு உண்டா, தூக்கத்துக்கும் வலிக்கும் என்னென்ன மாத்திரை எத்தனை நாளாகப் போடுகிறார். இவற்றால் வரும் தடுமாற்றத்தில் பெரும்பகுதியைச் சரிசெய்ய முடியும். அந்தக் காகிதத்தோடும் மாத்திரை டப்பாவோடும் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை இராசாசி மருத்துவமனைக்கோ, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் வேலையாளையும் அழைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். எப்போதிருந்து இப்படி என்று மருத்துவர் கேட்கும்போது, சிங்கப்பூரிலிருந்து வந்து நிற்கும் மகனைவிட அந்த வேலையாளுக்கே விடை தெரிந்திருக்கும்.